வெளியே உட்கார்ந்திருக்கும் டோனர்

தம்பியின் ரத்த நோய்க்கு யாருடைய எலும்பு மஜ்ஜையும் பொருந்தவில்லை, அக்காவுடையதுகூட. கடைசியில் அவன் தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதிலிருந்தே ஆய்வகத்தில் ரத்த ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். இன்று காலை அவை சொட்டுச் சொட்டாக அவனுக்குள் இறங்கத் தொடங்கின.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "செல் குடுத்த டோனர் வெளிய ரொம்ப நேரமா உக்காந்திருக்காரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"டோனரே கிடையாதும்மா. இது லேப்ல வளத்தது. எத்தனை தடவதான் சொல்றது?" என்றாள் அக்கா.

"அவரு கையில பஞ்சு ஒட்டியிருக்கே!"

அக்கா டாக்டரிடம் முறையிட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். நர்ஸ் மறுபடியும் வந்தாள். "அவரு கோவப்படறாரு."

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு!"

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். நோய்க்கு முந்தைய உப்பிய கன்னம், தலை நிறைய முடி. திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே, கட்டிலில், மொட்டைத் தலையுடன் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ நேரம்க்கா உக்கார வெப்ப?" என்று சலித்துக்கொண்டான் நாற்காலியில் இருந்தவன். "அவன் பொழச்சுக்குவான். எனக்குப் பசிக்குது, வா."

எழுந்து அவள் கையைப் பிடித்தான். பல மாதங்களாகத் தம்பியின் கை அவ்வளவு கதகதப்பாக இருந்ததில்லை.