இரண்டாம் நாள் ஓட்டம்

"இன்னும் கூட்டுங்க."

முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் கரகரத்தது. டெக்னீஷியன் தயங்கினார். பொத்தானை அழுத்தினார். டிரெட்மில் சீறியது.

அவள் ஓடினாள்.

மார்பெல்லாம் ஒயர். வாயையும் மூக்கையும் கவ்விக்கொண்டு, மூச்சை அளக்கும் முகமூடி. எதிரே மருத்துவர்கள். நடு நாற்காலியில் குழுத் தலைவர் டாக்டர் சிகாமணி.

தீராக் களைப்பு நோய்க்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று மாநிலத்து மருத்துவர்களுக்கெல்லாம் புது வழிகாட்டி எழுதும் குழு அது. பழையதை எழுதியவரும் சிகாமணிதான். அதில் ஒரு வரி. நோயாளியை நடக்க வையுங்கள், தினமும் தூரத்தைக் கூட்டுங்கள்.

புதியதிலும் அந்த வரி இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரிதானா என்று பார்க்க, ஒரு நோயாளியை அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட வைக்கக் குழு முடிவு செய்திருந்தது.

அந்த வரி அவளைத் தின்றிருந்தது.

சிக்குன்குனியா வந்து போன பிறகு, விடிந்தால் கடற்கரை. நட, நட என்று விரட்டினார்கள். நடந்தாள். அன்றைக்கு நன்றாகத்தான் இருப்பாள். மறுநாள் சீப்பைத் தூக்கக் கை வராது.

சோம்பேறி என்றார்கள். மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது. கட்டில் மிச்சம்.

அந்தக் கட்டிலில் கிடந்தபடி மாதக்கணக்கில் சேர்த்த தெம்பை, இன்று ஒரே மூச்சில் எரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் உள்ளே வந்ததும் சிகாமணியின் முகம் சுண்டிப்போனது. இந்தப் பேஷண்ட் வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏன் என்று கேட்பார்கள். சொல்ல மாட்டார். அவளுக்குத் தெரியும்.

மெஷின் நின்றது. திரையில் எண்கள் எல்லாம் நார்மல்.

சிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெஷினுக்குத்தான் மூச்சு வாங்குது. இவங்களுக்கு என்ன வியாதி?"

அறை சிரித்தது.

அவளும் சிரித்தாள்.

*

மறுநாள் சக்கர நாற்காலியில் வந்தாள்.

தள்ளிக்கொண்டு வந்த டாக்டர் பெனிட்டா, குழுவிலேயே இளையவள், காதருகே குனிந்தாள். "வேணாம்மா. இதுக்கு மேல போனா எப்ப எழுந்திருப்பீங்கன்னு எனக்கே தெரியாது."

"அவர் பாக்கணும் டாக்டர்."

முகமூடி. ஒயர். அதே மெஷின்.

பெல்ட் நகர்ந்தது. கால் தரையைத் தேடியது. நேற்று சிரித்துக்கொண்டே கடந்த வேகம் இன்று மலையாக வந்து நின்றது. கண்ணில் இருட்டு கட்டியது.

கைப்பிடியைப் பிடிக்கவில்லை. பிடித்தால் நாடகம் என்பார்.

இன்னும் ஒரு அடி. இது கடற்கரைக்கு.

இன்னும் ஒன்று. இது சோம்பேறிக்கு.

விழுந்தாள்.

திரையில் எண்கள் பாதாளத்தில் கிடந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"நோய் இல்லாதவங்களுக்கு ரெண்டு நாளும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும் சார்," என்றாள் பெனிட்டா. "நாம முதல் நாள் மட்டும் பாத்துட்டு அனுப்பிடறோம். மறுநாள் அவங்க நம்ம கண்ணுல படறதே இல்ல."

"நடிக்கலாம்."

"மூச்சை எப்படி சார் நடிக்கிறது?"

அவள் தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இமை திறக்க வரவில்லை. காது மட்டும் விழித்திருந்தது. அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

"இதப் பாரும்மா பெனிட்டா, எங்கிருந்தோ வந்த யாரோ ஒரு பொண்ணுக்காக எழுதினதை எல்லாம் அடிச்சிட்டிருக்க முடியாது. வரி இருக்கட்டும்."

இதற்காகத்தான் வந்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் அந்த 'யாரோ' அவர் வாயாலேயே வர வேண்டியிருந்தது.

வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சர் உருண்டு வந்தது. கூடவே வந்த நர்ஸ் எல்லா நாளும் கேட்கிற கேள்வியை இன்றும் கேட்டார்.

"பேஷண்ட் கூட வந்தவங்க யாருங்க? சொந்தக்காரங்க ஒருத்தர் வாங்க, அட்மிஷன் போடணும்."

பெனிட்டா உதட்டைப் பிதுக்கினாள்.

உடம்பில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் திரட்டி, அவள் கையைத் தூக்கினாள். விரல் நடு நாற்காலியின் பக்கம் போய் நின்றது.

"அப்பா," என்றாள். "வாங்க."