ஒரு ஹார்ன் நேரம்

“நீளமா ஒரு ஹார்ன் அடிக்கிற நேரத்துக்குள்ள ஸ்டார்ட் ஆயிடணும்ணே. அதுக்கு மேல இழுக்கக் கூடாது.”

எத்தனையோ பேர் தங்கள் வண்டியைப் பற்றி என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். ஹார்னை வைத்து நேரம் அளந்தவர் இந்தத் தம்பி ஒருவர்தான்.

ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னேன். ஒரு கையால் சாவியைத் திருப்பினார். இன்னொரு கை தானாக ஹார்னுக்குப் போனது. என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார். அவர்கள் வீட்டு ஷெட்டுக்குள் நிற்கிற காருக்கு முன்னால் சுவர்தான் இருக்கிறது. சுவரை ஒதுங்கச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

வண்டி இழு இழுவென்று இழுத்து, கடைசியில் மனசில்லாமல் ஓடத் தொடங்கியது.

வண்டி அவருடையதல்ல, அண்ணனுடையது. அண்ணன்காரர் எந்தப் பழுது என்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார். போன மழைக்காலத்தில் ரயிலில் வெளியூர் போனவர், அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். தகனம், காரியம் எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இப்போது வீட்டில் தம்பியும், படுத்த படுக்கையாக அம்மாவும் மட்டும். அம்மாவுக்குக் கண்ணும் தெரியாது. அவர் அறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. மெதுவாகப் பேசுங்கள் என்று தம்பி கையைக் காட்டினார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை எடுப்பாராம். டயருக்கும் தரைக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. டாக்டரிடமும் மெக்கானிக்கிடமும் முழு உண்மையைச் சொல்கிறவர்கள் குறைவு. நானும் நோண்டவில்லை.

நேற்று ரொம்ப நேரம் இழுத்துவிட்டதாம். அம்மா இரவு முழுக்கத் தூங்காமல், இப்போதுதான் அசந்து தூங்குகிறாராம். இன்றைக்கும் அப்படி ஆனால் என்னால் தாங்க முடியாது என்றார் தம்பி. வயதானவர்களுக்குச் சத்தம் ஆகாதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பானட்டைத் திறந்து பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினேன். சாவியைப் பாதி திருப்பச் சொன்னேன். டாங்கிக்குள் பம்ப் முனகியது, ஊசி ஏறியது. சாவியை ஆஃப் செய்தோம். மணிக்கணக்கில் நிற்க வேண்டிய பிரஷர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று இறங்கிவிட்டது.

மறுபடி ஏற்றி, டாங்கிக்குத் திரும்பிப் போகும் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்தேன். அப்போதும் இறங்கியது.

இன்னொரு தடவை ஏற்றி, டாங்கியிலிருந்து வரும் ஹோஸை நெரித்தேன். ஊசி அசையவில்லை.

ஆள் அகப்பட்டுவிட்டான். பம்ப்பில் இருக்கிற சின்ன வால்வு. பெட்ரோலைப் பின்வாங்கவிடாமல் பிடித்து வைக்க வேண்டியவன் கையை விட்டுவிட்டான். வண்டி சும்மா நின்றால் குழாயில் பிரஷர் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதுதான் அந்த இழுவை.

இந்தப் பழைய வண்டிக்குப் பம்ப் வர ஒரு வாரம் ஆகும் என்றேன். தம்பியின் முகம் செத்துப்போனது. ஆறு மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

பாவமாக இருந்ததால் ஒரு கைவைத்தியம் சொன்னேன். சாவியைப் பாதி திருப்பி, பம்ப் முனகி ஓய்ந்ததும் அணைக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்ளும். அந்த முனகல் ஷெட்டைத் தாண்டிக் கேட்காது.

ஆறு மணி வரை கூடவே இருங்கள் என்றார். அதைக் கேட்ட விதத்தில், அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசி ரொம்ப நாளாகியிருக்கும் என்று தோன்றியது. இருந்தேன்.

ஆறு மணிக்கு வண்டிக்குள் உட்கார்ந்து, சொன்னபடியே செய்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான்காவது தடவை ஒரு கையால் ஹார்னை அழுத்திக்கொண்டே சாவியை முழுசாகத் திருப்பினார்.

ஹார்ன் ஓய்ந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் ஆன சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

நான் பெருமையாக நிமிர்வதற்குள் இன்ஜினை அணைத்துவிட்டார். இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினார். அப்படிச் சாத்துவது அண்ணன்காரரின் வழக்கம். அதற்காக அவரோடு நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

“பெரியவனே, வந்துட்டியாடா?”

ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல். நேற்று வந்ததும் வராததுமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு எங்கே போனாய் என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு வந்து சேர்கிற வண்டிக்கு ஹார்ன் சத்தம் உண்டு, ஓடுகிற சத்தம் உண்டு. ஸ்டார்ட் ஆகிற சத்தம் மட்டும் இருக்கக் கூடாது. தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதும் நினைவுக்கு வந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணனின் கனத்த குரலில், ஒரு அவசர வேலை வந்துவிட்டது என்றார். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பானரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

“சின்னவனைத்தான் காணோம்டா. ஆறு மணி ஆனா எங்கதான் போயிடுறானோ. அவன் வந்து ஒரு வார்த்தை பேசினா எனக்கு நல்லா இருக்கும்.”

தம்பி கார் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“வந்துருவாம்மா,” என்றார், அதே கனத்த குரலில்.