நாலு நிமிஷம்

"அந்தப் பொண்ணை மாத்துங்க டாக்டர். இல்லேன்னா நாளையிலேருந்து நான் வரலை."

வைத்தியலிங்கத்துக்குத் தொண்டையில் கட்டி. குரல் கம்மிவிட்டது, மிராசு அதிகாரம் கம்மவில்லை.

டாக்டர் ஜெக்கரியா நிமிர்ந்தார். "யாரு, மெஷின் பாக்கற அம்சவல்லியையா? என்ன செஞ்சாங்க?"

"அவ யாருன்னு தெரியுமா? என் பண்ணையில நடவு நட்ட காளியம்மா மவ. அறுபத்தொம்பதுல, கூலி ஏத்தினாத்தான் அரிவாளைத் தொடுவோம்னு பத்து நாள் வேலை நிறுத்தம். முன்னால நின்னவ காளியம்மா. வயல்ல என் கதிரை உதிர விட்டா ஆத்தாக்காரி. இப்ப தொண்டையில கதிரை வெச்சுப் பொசுக்கறா மவ!"

"பொசுக்கறாங்களா?"

"அஞ்சு வருஷம் முன்னாடி என் மச்சினருக்கு இதே கட்டி, இதே மெஷின். ரெண்டு நிமிஷம்தான் கரண்ட்டு வெச்சாங்க. எனக்கு நாலு நிமிஷம்! நெஞ்சுல கட்சி பேட்ஜ் வேற குத்தியிருக்கா."

டாக்டர் தன் சட்டையைக் காட்டினார். அங்கேயும் அதே பேட்ஜ்.

"நீங்களுமா!"

"இது கட்சி இல்லீங்க. எங்க உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு படுதுன்னு காட்டற ஃபிலிம். மாசாமாசம் பம்பாய்க்கு அனுப்பிப் பார்ப்பாங்க."

"சரி, அந்த நாலு நிமிஷம்?"

"மெஷினுக்குள்ள கோபால்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. கதிரை வீசி வீசி தானாவே குறைஞ்சிக்கிட்டே வரும். சூடு பண்ணாலும் நிக்காது, ஐஸ்ல வெச்சாலும் நிக்காது. அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல போனா பாதிதான் மிஞ்சும். அதுக்கு அரை ஆயுள்னு பேரு."

வைத்தியலிங்கம் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். "எனக்கா?"

"கோபால்ட்டுக்குங்க! மதகுல தண்ணி பாதியா வந்தா, வயல் நிறைய ரெண்டு மடங்கு நேரமாகும் இல்லையா? உங்க மச்சினருக்குப் பாய்ஞ்ச அதே அளவு உங்களுக்கும் பாயணும்னா நாலு நிமிஷம். மாசாமாசம் அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுத் திருத்தறதே அம்சவல்லிதான். இதுவரைக்கும் ஒரு நொடி தப்பினதில்லை. அவங்க போட்டதை நான் திருப்பிப் பார்ப்பேன், திருத்த வேண்டியிருந்ததே இல்லை."

வைத்தியலிங்கம் எழுந்து மெஷின் அறைக்குப் போனார்.

மெஷினுக்கு அடியில் படுத்ததும் அம்சவல்லி வந்து அவர் தாடையை நிமிர்த்தி, வெளிச்சத்தைத் தொண்டைக் குறிக்கு நேராக்கினாள்.

"ஏம்மா... நீ ரெண்டே நிமிஷத்துல என்னை எழுப்பி அனுப்பியிருந்தா, நான் சந்தோஷமாத்தான் போயிருப்பேன். கட்டி கரையாம நின்னிருக்கும். அளவு குறையுதுன்னு எனக்கெங்க தெரியப்போகுது?"

"தெரியாதுங்க."

"பின்னே ஏன் செய்யலை?"

அவள் வெளிச்சத்தை மறுபடி சரிபார்த்தாள்.

"உங்க களத்துல கூலி நெல்லு அளக்கறப்போ மரக்கால் நெறஞ்சுதாங்க இருக்கும். எங்கம்மா வீட்டுக்குக் கொண்டாந்து அளந்தா, மரக்காலுக்கு அரைப்படி குறையும். கூலி அளக்க உங்க வீட்டுல சின்னதா தனி மரக்கால். இங்க எல்லாருக்கும் ஒரே மரக்கால்தான் பெரியவரே. அசையாமப் படுங்க."