மாப்பிள்ளைத் தாத்தா

செல்லாயிக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

வாசலில் அவள் மாமனாருக்கு மாப்பிள்ளை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது.

நாளைக்குத் தாத்தாவுக்குப் பிறந்தநாள் என்று மாமனார் பக்கிரிசாமி நேற்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்துக் கூலி லயத்தில் தன் பிறந்தநாள் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. கப்பலேறி வந்த வருஷமே கிழவருக்கு நினைவில்லை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு? மூன்றும் குதித்த குதியில் பலகைச் சுவர் ஆடியது.

சின்னவன் ரப்பர் கொட்டைகளை வாழைநாரில் கோத்து மாலை கட்டியிருந்தான். அவன் உச்சந்தலையில் ஒரு வட்டம் முடியில்லை. போன மாதம் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ரப்பர் பால் காய்ந்துவிட்டால் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும்.

நடுவிலவள் கோணிச் சாக்கில் ஒரு சட்டை தைத்திருந்தாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஜப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்தில் புதுச்சட்டை போட்ட முதல் ஆள் தான்தான் என்று கிழவர் பீற்றிக்கொண்டார்.

மூத்தவள் பவுனுதான் பெரிய வேலையை எடுத்துக்கொண்டாள். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, கரியை மையாகக் குழைத்து, தாத்தாவின் நரைமுடிக்கும் மீசைக்கும் ஒரு இழை விடாமல் பூசினாள்.

பூசியது காய்ந்ததும் கிழவர் எழுந்து, கூன் போட்ட முதுகை நிமிர்த்தி, வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். நன்றாக நிமிர்கிறதா என்று வேறு கேட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

செல்லாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை புல்லுக்குள் நடுங்கிக் கிடக்கிறான், இவருக்கு மாப்பிள்ளைக் கோலம் கேட்கிறது.

நேற்றுக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். வீட்டுக்கு ஓர் ஆண். சயாமில் ரயில் பாதை போட வேண்டும், மூன்றே மாதம்தான், அரிசி உண்டு, சம்பளம் உண்டு. போன தடவையும் இதையேதான் சொன்னார். அந்த லாரியில் ஏறியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு சேதிகூட இல்லை.

நரைத்த தலைகளை மட்டும் ஜப்பான்காரர்கள் தொடுவதில்லை.

அவள் புருஷன் சின்னையா பத்து நாள் குளிர்காய்ச்சலில் எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தவன். விடியுமுன் அவனைத் தாங்கிக்கொண்டு போய், லயத்துக்குப் பின்னால் இருந்த ஆளுயர லாலாங் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டில் ஆண் இல்லை என்றால் அவர்கள் புல்லைத் துழாவாமல் போகமாட்டார்கள். அவனால் ஓடவும் முடியாது.

அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அடிப்பிடித்தது. அவள் அதை இறக்கவில்லை.

பீடோங் டவுன் பக்கத்திலிருந்து லாரி வரும் சத்தம் கேட்டது.

கிராணி முன்னால் வந்தார். பின்னால் இரண்டு சிப்பாய்கள். முதல் வீட்டில் ஒருவனை இழுத்தார்கள், அடுத்த வீட்டில் ஒருவனை. செல்லாயி வாசலுக்கு வருவதற்குள் கிராணியும் சிப்பாய்களும் அங்கே நின்றிருந்தார்கள்.

ஒரு சிப்பாய் பக்கிரிசாமியைப் பார்த்தான். கறுத்த மீசை, கறுத்த தலை, நிமிர்ந்த முதுகு. கையை நீட்டி வா என்றான்.

அவள் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது.

அதைத் தூக்கி ஊற்றினால் கரி ஓடிவிடும். கிழவர் தப்பிவிடுவார். பிறகு அவர்கள் புல்லுக்குப் போவார்கள்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குக் கை எழவில்லை. அந்த ஒரு நொடிக்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கறி கிடைத்தால் தன் பங்கையும் பிள்ளைகளுக்கு எடுத்துவைக்கிற மனுஷர். அவள் பிள்ளை பெற்றுக் கிடந்த மூன்று தடவையும் வெந்நீர் போட்டுக் கொடுத்தவர்.

அவள் குடத்தைத் தூக்கி முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்தாள்.

"கெழவருங்க கிராணி ஐயா. புள்ளைங்க கரி பூசி வெளையாடுதுங்க."

தண்ணீர் நெற்றியில் வழிந்து, மீசையில் தொங்கி, ரப்பர் கொட்டை மாலையில் சொட்டியது. கோணிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

சொட்டிய தண்ணீரில் துளிக் கறுப்பில்லை.

செல்லாயி உள்ளங்கையால் அவர் தலையைத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். மழைக்கோட்டைத் தேய்ப்பது போல் வழவழவென்று இருந்தது. கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

அம்மா பாராட்டத்தான் சோதித்துப் பார்க்கிறாள் என்று பவுனு நினைத்துக்கொண்டாள். முகமெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

"போகாதும்மா. மையில ரப்பர் பால் கலந்திருக்கு. மழை பேஞ்சாலும் போகக் கூடாதுன்னு தாத்தாதான் கலக்கச் சொன்னாரு."

சிப்பாய்களுக்குத் தமிழ் தெரியாது. கிராணிக்குத் தெரியும். பக்கிரிசாமியையும் அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

செல்லாயியின் கை அவர் தலைமேலேயே இருந்தது. கிழவர் அதை மெல்ல எடுத்து, பவுனுவின் தோளில் வைத்தார்.

கிராணி தரையைப் பார்த்தபடி பெயர் என்ன என்று கேட்டார்.

பக்கிரிசாமி மீசையைத் துடைத்துக்கொண்டு, சின்னையா என்றார்.