நிழலுக்கு எட்டு வயது

தென்காசியின் புதுப் பள்ளிக்குள் நுழையும்போதே கோமதி, எல்லாப் பள்ளிகளிலும் கேட்ட அதே மன்னிப்பை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். மகள் நிலவினிக்கு ஆட்டிசம். சத்தம் தாங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடுவாள். அதற்காகவே மூன்று பள்ளிகள் அவளை வெளியே அனுப்பியிருந்தன.

"டீச்சர், இவ வந்து..."

ஷகிலா டீச்சர் அதற்குள் கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். நிலவினிக்கு எதிரே நிற்காமல் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில், தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்க்கா. பயிற்சிக் கல்லூரியில இவ நிழல்கிட்ட எத்தன கடி வாங்கியிருக்கேன்! இவகிட்ட பாஸாகாம இந்த மாநிலத்துல யாரும் டீச்சராக முடியாது."

கோமதி மகளைத் திரும்பிப் பார்த்தாள். நிலவினிக்கு எட்டு வயதானபோது, ஆசிரியர்களைப் பழக்குவதற்காகப் பயிற்சிக் கல்லூரிக்காரர்கள் வந்து, அவளைப் போலவே நடக்கும், அலறும், கடிக்கும் ஓர் இயந்திர நிழலுருவைச் செய்ய அவளைப் பதிவுசெய்துகொண்டு போயிருந்தார்கள். அதனிடம் இத்தனை பேரா படித்திருக்கிறார்கள்? துரத்தப்பட்ட பெண்ணிடமா?

நிலவினி மேசையருகே போனாள். வளையல்களை எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டாள். காதருகே வைத்து மெல்லக் குலுக்கினாள். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாகக் குலுக்கினாள்.

ஷகிலா திகைத்துப்போனாள். "அக்கா, நிழல் இப்படிச் செஞ்சதே இல்லியே! இப்ப நான் என்ன செய்யணும்?"

எந்தப் பள்ளியிலும் சிரித்திராத கோமதி வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்கும் தெரியலயே டீச்சர். நிழலுக்கு எட்டு வயசுதான். எம்மவளுக்கு இப்ப பதினொண்ணு."