மலையைப் பார்த்து நின்ற வண்டி

"ஏம்மா கன்னியம்மா, உன் கடையில நாலு லிட்டர்னா மூணு லிட்டரா?"

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஆயில் கடையில் காலை நேரக் கூட்டம். லாரி டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தியவர் கோதண்டபாணி. முப்பது வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து, போன ஆடியில் ரிட்டயர் ஆனவர். தராசு வைத்த பலகை ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் கேஸ் எழுதுவார். அவரிடம் அபராதம் கட்டாத கடைக்காரர் அந்த வட்டாரத்தில் இருந்தால், அவர் அன்றைக்குக் கடை திறக்காதவராகத்தான் இருப்பார்.

கன்னியம்மாள் பீப்பாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா சார் ஆச்சு?"

"நேத்து நாலு லிட்டர் எஞ்சின் ஆயில் வாங்கினேனா? என் அம்பாசடருக்கு அதான் கணக்கு. மெக்கானிக் முனியன்கிட்ட குடுத்தா பாதியை முழுங்கிடுவான்னு நானே வண்டிக்கு அடியில படுத்து, பழசைத் தொறந்து விட்டு, புதுசை ஊத்தினேன். எஞ்சினை ரெண்டு நிமிஷம் ஓட விட்டேன். நிறுத்தி ஆற வச்சேன். ஆயில் அளவு பார்க்கற கம்பியைத் துடைச்சு உள்ள விட்டு எடுத்தா, மேல் கோட்டுக்கு வர வேண்டிய ஆயில் கீழ் கோட்டுல நிக்குது! ஒரு லிட்டர் எங்க போச்சு?"

"அளந்துதானே சார் குடுத்தேன்? நீங்க முத்திரை போட்ட அளவுதான் இது."

"முத்திரை என்னுது. அளந்த கை உன்னுது!"

கன்னியம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"வண்டி எங்க சார் நிக்குது?"

"எங்க நிக்கும்? மேட்டுத் தெருவுல, என் வீட்டு வாசல்ல. முருகனுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு எப்பவும் மலையைப் பார்த்துதான் நிறுத்துவேன். நீ பேச்சை மாத்தாதே!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, ஒரு லிட்டர் தளும்பத் தளும்ப அளந்து அவர் டின்னில் ஊற்றினாள்.

"எடுத்துகினு போங்க சார்."

"பார்த்தீங்களாய்யா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

"அப்போ நம்மளுக்கும் இப்டித்தான் அளந்துகினு இருக்குதா இந்தம்மா?" என்றான் லாரி டிரைவர் துரைக்கண்ணு. காலி டின்னைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்கு நடந்தான். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் போனார்கள்.

கோதண்டபாணி வீட்டுக்குப் போய் அந்த ஒரு லிட்டரையும் ஊற்றினார். ஆயில் கச்சிதமாக மேல் கோட்டைத் தொட்டது. அதோடு விட்டிருக்கலாம். உட்கார்ந்து மனு எழுதினார். கன்னியம்மாளின் கடைக்குச் சீல் வைக்க வேண்டுமாம்.

"அதான் குடுத்துட்டாளே, விடுங்களேன். அவ பொழப்புல ஏன் மண்ணைப் போடறீங்க?" என்றாள் மனைவி காஞ்சனா.

"அளவு விஷயத்துல இரக்கம் பார்க்கக் கூடாது காஞ்சனா. நான் பார்த்ததே இல்ல."

அது உண்மைதான்.

மறுநாள் காலை தாலுகா ஆபீஸ் மைதானத்தில் காரை நிறுத்தினார். மனுவில் அளவைத் துல்லியமாகக் குறிப்பிட வேண்டுமே! எஞ்சினை ஆறவிட்டு, கம்பியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தார்.

ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஏறியிருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் முறையும் அதே இரண்டு விரல். அப்போதுதான் கீழே பார்த்தார். மைதானம் சமதளம். வீட்டு வாசலோ ஏற்றம். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டியில் ஆயில் பின்பக்கம் ஓடிவிட்டால் கம்பியில் எப்படித் தெரியும்?

பொதட்டூர்பேட்டை சந்தையில் ஒரு மளிகைக்காரன் அழுதது நினைவுக்கு வந்தது. "தராசு சரியாத்தான் இருக்குது சார், தரைதான் சாய்வு!" தரையைப் பார்த்துத் தராசு வைக்கத் தெரியாதவன் கடையே வைக்கக் கூடாது என்று அன்றைக்குக் கேஸ் எழுதிய கை, இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நல்லவேளை, இல்லை. அவசரமாக வண்டிக்கு அடியில் படுத்து ஒரு லிட்டரை வடித்தார். மனுவைச் சுக்குநூறாகக் கிழித்தார். நேராகக் கன்னியம்மாள் கடைக்குப் போனார்.

அங்கே ஈ ஆடவில்லை. கூட்டமெல்லாம் எதிர்க் கடையில். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், பாவம். துரைக்கண்ணு தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அவர் குரல் தானாக உயர்ந்தது.

"கன்னியம்மா! போனா போவுது, மனுவைக் கிழிச்சுட்டேன். இந்தத் தடவை உன்னை மன்னிச்சு விட்டேன். இனிமேலாவது ஒழுங்கா அள!"

"சாருக்குப் பெரிய மனசு!" என்றான் துரைக்கண்ணு எதிர்க் கடையிலிருந்து.

கன்னியம்மாளின் பார்வை அவருடைய சட்டைக் கையில் இருந்த கறுப்புக் கறையில் நின்றது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒரு லிட்டரை வெளிய எடுத்துட்டீங்களா சார்?"

கோதண்டபாணி சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"ஆங். மலையைப் பார்த்து நிக்குதுன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்மா வாயைத் தொறக்கல?"

"பத்து பேர் நின்னுகினு இருந்தாங்களே சார். என்னைத் திருடின்னு சொன்னதை ஊரு நாலு நாள்ல மறந்துடும். உங்களுக்கு அளவு பார்க்கத் தெரியலன்னு நான் சொல்லியிருந்தா, நீங்க கேஸ் எழுதின கடைக்காரங்க எல்லாம் ஆயுசுக்கும் சிரிச்சுகினு இருப்பாங்களே!"