போல்ட் இல்லாத துப்பாக்கி

சுலேமா துப்பாக்கியின் பின்வாயில் கண்ணை வைத்துக் குழல் வழியாக ஜன்னலைப் பார்த்தாள்.

உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் வரிகள் பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை.

சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. முகத்தில் காட்டக்கூடாது. வாங்க வந்தவள் பல்லைக் காட்டினால் விற்கிறவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

"பரவாயில்ல, சுமாரா இருக்கு" என்றாள்.

"சுமாரா இருந்தா வெச்சிட்டுப் போங்க. ஏழு வருஷமாச்சு அது சுட்டு. நல்ல கையில குடுக்கணும்னு பாக்குறேன்."

ஹசிந்தோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மாத்தே இலை போட்ட சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

மார்ச் மாதம். காட்டில் கலைமான்கள் துணை தேடிக் கத்தத் தொடங்கிவிட்டன. இந்த நாட்களில் லா பாம்பா மாகாணத்தில் வேட்டைக்காரன் எவனுக்கும் ஒழுங்காகத் தூக்கம் வராது. சுலேமாவுக்கு ஏழு வருடமாகவே வந்ததில்லை. மற்றவர்கள் காட்டுக்குப் போவதை, தான் வேலை பார்க்கும் பேக்கரியின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கட்டைவிரலால் குழல் முனையைத் தடவினாள். பிசிறு இல்லை. கட்டையின் கழுத்தில், வழக்கமாக விரிசல் விடும் இடத்தில், நகத்தை ஓட்டிப் பார்த்தாள். விரிசலும் இல்லை. முகர்ந்தாள். நேற்றுப் போட்டதுபோல எண்ணெய் வாசம்.

சுடாத துப்பாக்கிக்கு எவன் எண்ணெய் போடுவான்?

குறை ஒன்றே ஒன்றுதான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற, கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. போல்ட் இல்லாவிட்டால் அது துப்பாக்கி இல்லை. நாய் விரட்டும் கம்பு.

அவன் ஒன்றும் மறைக்கவில்லை. விளம்பர அட்டையிலேயே எழுதியிருந்தான்: 'பழைய மவுசர். போல்ட் இல்லை. விலை நேரில்.' இன்று காலை சுலேமா அடுப்புப் பக்கம் போயிருந்த நேரத்தில் வந்து, பேக்கரி அறிவிப்புப் பலகையில் அதைக் குத்திவிட்டுப் போயிருந்தான். முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு, அங்குசத்தைத் தொலைத்தவன் யானையை விற்கிறான் என்று சிரித்தாள். சுலேமா சிரிக்கவில்லை. மாவுக் கையோடு அட்டையைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். வீட்டுக்கு ஓடினாள், பெட்டியைத் திறந்தாள், அங்கிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள்.

"போல்ட் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"திருட்டுப் போச்சு."

"அடப்பாவமே. போலீசுல சொல்லலியா?"

"சொல்லி என்ன பண்றது. எடுத்தது யாருன்னு எனக்கே தெரியும்."

குடுவையை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் குடிப்பது கசப்பு மாத்தே. அவளுக்குக் கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருந்தான். மேசைக்கடியில் நாய் அவள் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

"நல்லா யோசிச்சே சொல்லுங்க. அவசரமில்ல" என்றான். "ஆனா சாயங்காலம் சாந்தா ரோசா டவுன்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு. பலகையில அட்டையப் பாத்தாராம். குழல் மட்டும் போதுமாம், மிச்சத்த அறுத்துப் போட்டுருவாராம்."

அறுப்பதா? இதையா?

அப்புறம்தான் உறைத்தது. ஊரில் அட்டை தொங்கியது அந்த ஒரு பலகையில். அதுவும் ஒரு தட்டு ரொட்டி வேகும் நேரம்கூட இல்லை. இப்போது அது அவள் பைக்குள் கிடக்கிறது.

அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள்.

ஹசிந்தோ அட்டையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

பையின் அடியிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து மேசையில் பிரித்தாள். உள்ளே போல்ட் இருந்தது. அதில் பொறித்திருந்த எண்ணும் துப்பாக்கியின் உடம்பில் இருந்த எண்ணும் ஒன்றே.

ஏழு வருடத்துக்கு முன்னால், மான்கள் கத்தத் தொடங்கிய முதல் விடியலில், அவளை எழுப்பாமல் அவன் தனியாகக் காட்டுக்குப் போனான். 'நல்லாத் தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல' என்று வந்து சொன்னான். அன்று மாலையே அவள் இந்த வீட்டை விட்டுப் போனாள். போகும்போது, நான் இல்லாமல் நீ எப்படி வேட்டைக்குப் போகிறாய் பார்க்கிறேன் என்று போல்ட்டை உருவி எடுத்துக்கொண்டாள். அது ஒன்றுதானா காரணம் என்று கேட்டால், இல்லை. ஆனால் அவள் மறக்காதது அது ஒன்றைத்தான்.

சாந்தா ரோசாவில் வேறு போல்ட் வாங்குவது பெரிய காரியமில்லை. அவன் வாங்கவில்லை. எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

போல்ட்டைச் செருகி முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கினாள். சிக்கில்லாமல் பூட்டிக்கொண்டது.

"விலை?" என்றாள். முகத்தில் இருந்ததை மறைக்கவில்லை.

ஹசிந்தோ குடுவையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நாளைக்கு எத்தன மணிக்கு உன்ன எழுப்பட்டும்?"

"உன்ன நம்பிப் படுத்தா விடிஞ்சிரும்" என்றாள் சுலேமா. "நானே எழுப்புறேன். சீக்கிரம் படு."